ஐந்து மில்லிமீட்டர் குறைவு

இந்தியாவில் இன்று விற்கும் சின்ன எஸ்யுவிகள், சின்ன செடான்கள் இவற்றின் விவரத்தாள்களை எடுத்து, ‘நீளம்’ என்ற வரியை மட்டும் வரிசையாக வாசித்துப் பாருங்கள். மாருதி டிசையர் 3,995 மி.மீ. ஹூண்டாய் ஆரா 3,995. வென்யூ 3,995. கியா சோனெட் 3,995. டாடா நெக்ஸான் 3,995. மாருதி பிரெஸ்ஸா 3,995. ஒரகடத்தில் தயாராகும் நிஸான் மேக்னைட் 3,994. மஹிந்திரா எக்ஸ்யுவி 3எக்ஸ்ஓ 3,990. ஜப்பானிலும் கொரியாவிலும் இந்தியாவிலும் உட்கார்ந்து, ஒருவரோடு ஒருவர் கடும் போட்டியில் இருக்கும் வடிவமைப்பாளர்கள், கலந்து பேசாமலேயே ஒரே எண்ணுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அழகியலோ பொறியியலோ ஐந்து மில்லிமீட்டர் துல்லியத்தில் இத்தனை பேரை ஒரே இடத்தில் நிறுத்தாது. நிறுத்தியது ஒரு வரிவிதி.

2006 பிப்ரவரி பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்கள் மீதான உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். எது சிறிய கார் என்பதற்கு வரையறையும் வந்தது: நீளம் 4,000 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசிக்குள், டீசல் இன்ஜின் 1,500 சிசிக்குள் இருக்க வேண்டும். இந்தியாவைச் சிறிய கார்களின் உற்பத்தி மையமாக்குவதே நோக்கம். நல்ல நோக்கம்தான், அதில் வெற்றியும் கிடைத்தது. ஆனால் அந்த ஒரு வரையறை அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இந்தியக் கார்களின் முதுகை வெட்டிக்கொண்டே இருந்தது. என் வாதம் இதுதான்: ஒரு காரின் உருவத்தைத் தீர்மானிப்பதில் வடிவமைப்பாளரின் பென்சிலுக்கும் வாங்குபவரின் விருப்பத்துக்கும் முன்னால் வரிச்சட்டம் நிற்கிறது. அரசு உண்மையில் குறைக்க நினைப்பது ஒன்று, அளக்கச் சுலபமாக இருக்கிறதே என்று அளப்பது வேறொன்று என்று ஆகும்போது, அதிலும் நடுவே ஒரே ஒரு கோட்டைக் கிழிக்கும்போது, கோணலான வாகனங்கள்தான் பிறக்கின்றன. இது நம் நாட்டுக்கு மட்டுமே நேர்ந்ததல்ல. நூறாண்டு மோட்டார் வரலாறே இதற்குச் சாட்சி.

முதலில் நம் வீட்டுக் கதை. 2008-ல் வந்த முதல் டிசையரின் நீளம் 4,160 மி.மீ. டிக்கியின் கொள்ளளவு 440 லிட்டர். அதே ஆண்டு டாடா, இண்டிகோ செடானின் பின்பக்கத்தைக் குறுக்கி இண்டிகோ சிஎஸ் என்று நான்கு மீட்டருக்குள் கொண்டுவந்தது. வரிச் சலுகையால் விலை இறங்கியது. டாக்ஸிக்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். மாருதி சும்மா இருக்க முடியாது. 2012-ல் வந்த இரண்டாம் தலைமுறை டிசையர் 3,995 மி.மீ. ஆனது. இடையில் காணாமல் போன 165 மில்லிமீட்டர் பெரும்பாலும் டிக்கியிலிருந்தே எடுக்கப்பட்டது; கொள்ளளவு 316 லிட்டராகச் சுருங்கியது. அந்தக் காரைப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் விஷயம் புரியும். முன்கதவிலிருந்து பின்கதவு வரை ஸ்விஃப்ட்டின் கோடுகள் ஓடிவருகின்றன. பின் கண்ணாடி சரிந்து இறங்கத் தொடங்கியதும், நீண்டு போய் முடிய வேண்டிய கோடு சட்டென்று செங்குத்தாகக் கீழே விழுகிறது. செடானுக்கு அழகே நீண்ட வால்தான் என்று உலகம் முழுக்க வரைந்து பழகிய கைகள், இந்தியாவுக்கென்று வாலில்லாத செடானை வரைந்தன. ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் எக்ஸென்ட், ஃபோர்டு ஆஸ்பயர், ஃபோக்ஸ்வாகன் அமியோ என்று ஒரு வகையே உருவாயிற்று. மஹிந்திரா, தன் ஸைலோவை வெட்டி 2012-ல் குவாண்டோ ஆக்கியது; கிராமப்புறச் சாலைகளின் பழைய தோழனான பொலேரோவையும் 2016-ல் 3,995 மில்லிமீட்டருக்குக் குறுக்கி, உள்ளே 1.5 லிட்டர் டீசல் இன்ஜினைப் பொருத்தியது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். நம் தெருக்கள் குறுகல், பார்க்கிங் கிடையாது, வாங்குபவருக்குப் பணமும் அளவானது. எனவே மக்கள் விரும்பியே குட்டிக் கார்களை வாங்குகிறார்கள், வரி இல்லாவிட்டாலும் இப்படித்தான் இருந்திருக்கும் என்பார்கள். சிறிய கார்கள் இருந்திருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை. மாருதி 800-ம் ஸான்ட்ரோவும் 2006-க்கு முந்தியவை. ஆனால் தெருவின் அகலத்துக்கு ஏற்ப மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், கார்களின் நீளம் 3,700, 3,850, 4,050, 4,100 என்று பரவலாக இருக்க வேண்டும். ஒரே புள்ளியில் வந்து குவியக் கூடாது. இன்னும் தெளிவான சான்று ஹூண்டாய் ஐ20. ஐரோப்பாவுக்கான மூன்றாம் தலைமுறை ஐ20-யின் நீளம் 4,040 மி.மீ. ஸ்ரீபெரும்புதூர் அருகே நமக்காகத் தயாராகும் அதே தலைமுறைக் காரின் நீளம் 3,995. ஐரோப்பிய நகரங்களின் பழைய தெருக்கள் நம் தெருக்களைவிட ஒன்றும் அகலமில்லை. அந்த நாலரை சென்டிமீட்டரை எடுத்தது தெரு அல்ல, வரி.

பிரெஸ்ஸாவின் கதை இதைவிடச் சுவாரசியமானது. 2016-ல் அது 1,248 சிசி டீசல் இன்ஜினோடு வந்தபோது நீளம், சிசி இரண்டு நிபந்தனைக்கும் பொருந்தியது, சலுகையும் பெற்றது. 2020-ல் பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாடு வந்ததும் மாருதி டீசலைக் கைவிட்டு 1,462 சிசி பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தியது. பெட்ரோலுக்கு வரம்பு 1,200 சிசி என்பதால் சலுகை போய்விட்டது. ஆனால் உடல் அதே 3,995-ல் நிற்கிறது. எந்தக் காரணத்துக்காகக் குறுக்கினார்களோ அந்தக் காரணம் மறைந்த பிறகும், அச்சுகளில் கொட்டிய கோடிக்கணக்கான முதலீடு அந்தக் காரை அப்படியே வைத்திருக்கிறது. வரிவிதியை ஒரு கையெழுத்தில் மாற்றிவிடலாம். அது உருவாக்கிய இரும்பை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

பிரிட்டன் இந்தப் பாடத்தை நமக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே படித்தது. அங்கே 1921 ஜனவரி முதல் கார்களுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு ஒரு பவுண்டு என்று ஆண்டு வரி விதித்தார்கள். அந்தக் குதிரைத்திறனை யாரும் இன்ஜினை ஓட்டிப் பார்த்து அளக்கவில்லை. ராயல் ஆட்டோமொபைல் கிளப் முன்பே வகுத்து வைத்திருந்த ஒரு சூத்திரத்தை எடுத்துக்கொண்டார்கள்: சிலிண்டரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, அதன் வர்க்கத்தைச் சிலிண்டர்களின் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5-ஆல் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். பிஸ்டன் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போய்வருகிறது என்பது, அதாவது ஸ்ட்ரோக், அந்தக் கணக்கிலேயே இல்லை. அமெரிக்காவிலிருந்து வந்து மான்செஸ்டரில் தயாரான ஃபோர்டு மாடல் டி-யின் சிலிண்டர் விட்டம் 3.75 அங்குலம். சூத்திரத்தில் போட்டால் 22.5 குதிரைத்திறன், ஆண்டுக்கு 23 பவுண்டு வரி. அந்த இன்ஜின் உண்மையில் தந்ததோ ஏறத்தாழ 20 குதிரைத்திறன்தான். உள்ளூர் மோரிஸ் கௌலிக்கு அதில் பாதி வரி. பிரிட்டனில் கொடிகட்டிப் பறந்த மாடல் டி சில ஆண்டுகளிலேயே மோரிஸிடம் முதலிடத்தை இழந்ததற்கு இந்த வரி ஒரு முக்கியக் காரணம்.

பொறியாளர்கள் விடை கண்டுபிடிக்க நெடுநாள் ஆகவில்லை. விட்டத்துக்குத்தானே வரி? சிலிண்டரை ஒடுக்கு, ஸ்ட்ரோக்கை நீட்டு. ஆஸ்டின் செவனின் 747 சிசி இன்ஜினில் விட்டம் 56 மி.மீ., ஸ்ட்ரோக் 76. மோரிஸ் எய்ட்டில் விட்டம் 57, ஸ்ட்ரோக் 90. காரின் பெயரிலேயே வரிக்கணக்கு ஏறி உட்கார்ந்தது. செவன், எய்ட், டென் என்பவை எல்லாம் சூத்திரம் தந்த எண்களை ஒட்டி வைத்த பெயர்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் முதலில் தயாரித்த ஹிந்துஸ்தான் 10, மோரிஸ் டென்னின் இந்திய வடிவம். அந்தப் பத்தும் பிரிட்டிஷ் வரி அலுவலகத்திலிருந்து கப்பலேறி வந்த பத்துதான். இத்தகைய ஒல்லி இன்ஜின் குறைந்த வேகத்தில் நன்றாக இழுக்கும், வளைவு நெளிவான ஆங்கிலேயச் சாலைகளுக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் பிஸ்டன் நெடுந்தூரம் ஓட வேண்டியிருப்பதால், மணிக்கணக்கில் வேகமாக ஓட்டினால் தேய்ந்துபோகும். ஒடுக்கமான சிலிண்டரில் பெரிய வால்வுகளுக்கும் இடமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஏற்றுமதி செய்தாக வேண்டிய கட்டாயத்தில் பிரிட்டன் இருந்தபோது, ஆஸ்திரேலியாவின் முடிவில்லாத சாலைகளும் அமெரிக்க நெடுஞ்சாலைகளும் இந்தக் குறையைப் பகிரங்கப்படுத்தின.

1948-ல் பிரிட்டன் சூத்திரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு புதுக் கார்களுக்கு 10 பவுண்டு என்று ஒரே வரியாக்கியது. ஆனால் சூத்திரத்தின் நிழல் அதோடு போய்விடவில்லை. 1947-ல் வந்த ஆஸ்டின் ஏ40 இன்ஜினின் விட்டம் 65.5 மி.மீ., ஸ்ட்ரோக் 88.9. எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ், அதாவது பின்னாளைய அசோக் லேலண்ட், பூட்டி விற்றது இந்த ஏ40 கார்களைத்தான். அதே குடும்பத்தில் அடுத்து வந்த பி.எம்.சி. நிறுவனத்தின் பி-சீரிஸ் 1,489 சிசி இன்ஜினில் விட்டம் 73 மில்லிமீட்டராக அகன்றது. ஸ்ட்ரோக் மட்டும் அதே 88.9-ல் நின்றது. அந்த 1,489 சிசி இன்ஜின்தான் அம்பாசிடரின் மூக்குக்குள் பல பத்தாண்டுகள் உறுமியது. லண்டனில் 1921-ல் போட்ட ஒரு சூத்திரம் கற்றுத்தந்த பழக்கம், அது ரத்தாகி நாற்பது ஆண்டுகள் கழித்தும் கல்கத்தா டாக்ஸிகளில் ஓடிக்கொண்டிருந்தது. பிரெஸ்ஸாவைப் பற்றிச் சொன்னதை இங்கே பொருத்திப் பார்க்கலாம்.

ஜப்பானைக் காட்டி இரண்டாவது மறுப்பை எழுப்புவார்கள். அது வலுவான மறுப்பு. வரி வரம்பு நல்ல கார்களையும் தருமே என்பார்கள். தரும். 1949-ல் ஜப்பான் ‘கெய்’ என்ற குட்டிக் கார் வகையை உருவாக்கி, வரியையும் காப்பீட்டுச் செலவையும் குறைத்தது. நகரங்களில் கார் நிறுத்த இடம் உண்டு என்று சான்று காட்டினால்தான் கார் வாங்க முடியும் என்ற நாட்டில், பல பகுதிகளில் இந்தக் குட்டிக் கார்களுக்கு அதிலும் தளர்வு கிடைத்தது. 1955-ல் வரம்பு 360 சிசி. சுஸுகியின் முதல் காரான சுஸுலைட்டும், 1958-ல் சுபாரு 360-ம் அதற்குள் பிறந்தவை. போரில் சிதைந்த ஒரு நாட்டின் குடும்பங்கள் நாலு சக்கரத்துக்கு மாறியது இவற்றால்தான். 1976-ல் வரம்பு 550 சிசி, 3.2 மீட்டர் ஆனது. அந்த அளவுக்குள் வடிவமைத்த சுஸுகி ஆல்ட்டோவின் உடலில் 796 சிசி இன்ஜினைப் பொருத்தி 1983 டிசம்பரில் டெல்லி அருகே குர்கானிலிருந்து வெளியே வந்ததே மாருதி 800. நம் ஊர்களில் பள்ளிப் பிள்ளைகளையும் கல்யாண வீட்டுச் சாமான்களையும் சுமந்த ஆம்னி வேனும் ஒரு கெய் வேனின் வாரிசுதான். ஒரு ஜப்பானிய வரிவிதி இந்திய நடுத்தர வர்க்கத்தையே காரில் ஏற்றியது என்றால் மிகையில்லை. இன்றும் ஜப்பானில் விற்கும் புதுக் கார்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கெய் கார்கள்.

ஆனால் ஜப்பானில் அந்த வரம்பு ஏன் பலித்தது என்பதைப் பார்க்க வேண்டும். அது உருவத்தின் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து இழுக்கவில்லை. நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், இன்ஜின் 660 சிசி என்று நான்கு புறமும் பெட்டி கட்டியது. அரசு விரும்பியது சிறிய, சிக்கனமான, இடத்தை அடைக்காத கார். அளந்ததும் ஏறத்தாழ அதையேதான். நம் விதி அகலத்தையும் உயரத்தையும் எடையையும் கண்டுகொள்வதில்லை. அதனால் நான்கு மீட்டருக்குள்ளேயே கார்கள் பக்கவாட்டிலும் மேலேயும் ஊதிக்கொண்டு போகின்றன. கெய் விதியிலும் அந்த எல்லைக் கோட்டின் தொல்லை இல்லாமல் இல்லை. வரம்பு 360-லிருந்து 550-க்கும், 1990-ல் 660-க்கும் ஏறியபோதெல்லாம் கார்கள் அனைத்தும் ஒன்றாக வளர்ந்து புது வரம்பின் விளிம்பில் போய் நின்றன. மக்களின் தேவை ஒரே நாளில் ஒரே அளவு வளர்ந்துவிடாது.

கோடு தவறான இடத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலி ஒரு சிறிய உதாரணம். அங்கே 2,000 சிசிக்கு மேற்பட்ட கார்களுக்கு மதிப்புக்கூட்டு வரி 38 சதவீதமாக இருந்தது. விளைவு, ஃபெராரி தன் எட்டு சிலிண்டர் இன்ஜினை 1,991 சிசிக்குச் சுருக்கி 208 என்று விற்றது. மூன்று லிட்டர் 308-ன் அதே உடலுக்குள் வெறும் 155 குதிரைத்திறன். உலகத்துக்கே வேகத்தை விற்ற நிறுவனம் சொந்த நாட்டுக்காரருக்கு மெதுவான காரை விற்றது.

அமெரிக்கக் கதை இன்னும் விசித்திரமானது, தொடங்கியது கோழியில். அமெரிக்காவின் மலிவான கோழி இறைச்சி குவிவதைத் தடுக்க 1962-ல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் இறக்குமதித் தீர்வையை உயர்த்தியது. பதிலடியாக அதிபர் ஜான்சன் 1963 டிசம்பரில் உருளைக்கிழங்கு மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின், பிராந்தி, சிறிய சரக்கு வண்டிகள் ஆகியவற்றின் மீது 25 சதவீதத் தீர்வை விதித்தார். குறி வைத்தது ஃபோக்ஸ்வாகன் வேன்களுக்கு. மற்றப் பொருள்களின் தீர்வை பிறகு நீங்கியது. சரக்கு வண்டித் தீர்வை மட்டும் அறுபது ஆண்டுகள் தாண்டியும் நிற்கிறது. பயணிகள் காருக்கு நெடுங்காலம் 2.5 சதவீதம்தான். இந்த இடைவெளியில் என்னென்ன முளைத்தன பாருங்கள். சுபாரு தன் பிராட் பிக்-அப்பின் திறந்த சரக்குத் தொட்டியில், பின்னோக்கிப் பார்க்கும் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, இது பயணிகள் வண்டி என்றது. மழையிலும் வெயிலிலும் கூரையில்லாத தொட்டியில் ஆளை உட்கார வைக்கும் யோசனை எந்தப் பொறியாளரின் கனவிலும் வந்திருக்காது. ஃபோர்டு அதையும் மிஞ்சியது. 2009 முதல் துருக்கியில் டிரான்ஸிட் கனெக்ட் வேனைத் தயாரித்து, பின் இருக்கைகளோடும் பின் ஜன்னல்களோடும் பயணிகள் வண்டியாகக் கப்பலேற்றியது. பால்டிமோர் துறைமுகத்தில் சுங்கம் முடிந்ததும் இருக்கைகளைக் கழற்றி, ஜன்னல் கண்ணாடிகளை எடுத்துவிட்டு இரும்புத் தகடு அடைத்து, சரக்கு வேனாக விற்றது. ஒரு நாட்டில் ஆட்களை வைத்துப் பொருத்திய இருக்கையை இன்னொரு நாட்டில் ஆட்களை வைத்துக் கழற்றுவது, அதைத் தூக்கி எறிவது. இதற்குச் செலவான இரும்பும் பஞ்சும் உழைப்பும் யாருக்குப் பயன்பட்டன? 2013-ல் சுங்கத்துறை மறுத்தது, வழக்கு நடந்தது, 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் தீர்ப்பளித்தது, 2024-ல் 36.5 கோடி டாலர் கொடுத்து ஃபோர்டு சமரசம் செய்துகொண்டது.

அதே அமெரிக்காவில் 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. கார்கள் 1985-க்குள் ஒரு கேலனுக்கு சராசரி 27.5 மைல் தர வேண்டும் என்றார்கள். விவசாயிகளையும் சிறு வியாபாரிகளையும் நினைத்து, இலகுரக டிரக்குகளுக்கு அதைவிடக் குறைவாக, 20 மைலை ஒட்டி இலக்கு வைத்தார்கள். பிறகு நிறுவனங்கள் குடும்பக் கார்களையே டிரக் என்ற பட்டியலுக்குள் தள்ளத் தொடங்கின. 2000-ல் வந்த கிரைஸ்லர் பிடி குரூஸர் ஒரு சாதாரண ஹேட்ச்பேக். பின் இருக்கைகளைக் கழற்றினால் தட்டையான சரக்குத் தளம் கிடைக்கும் என்பதால் கணக்கில் அது டிரக். எண்ணெயைச் சேமிக்க வந்த சட்டம் கனமான வண்டிகளுக்குக் கதவு திறந்துவிட்டது. இன்று அங்கு விற்கும் புது வண்டிகளில் பாதிக்கு மேல் அந்தப் பட்டியலைச் சேர்ந்தவை. மக்களுக்கு உயரமான வண்டி பிடித்திருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த விருப்பத்தை வளர்த்து லாபம் பார்க்க நிறுவனங்களுக்கு வழிவிட்டது சட்டத்தின் அந்த இடைவெளி.

இனி மூன்றாவது மறுப்பு, அதிகாரிகள் சொல்வது: விதி எளிமையாக இருந்தால்தான் அமல்படுத்த முடியும், நீளத்தை யாரும் டேப் வைத்து அளந்துவிடலாம், தில்லுமுல்லுக்கு இடமில்லை. இந்த வாதத்துக்கு ஒரு காலத்தில் மதிப்பு இருந்தது. இன்று ஒவ்வொரு மாடலும் சந்தைக்கு வருமுன் அரசு அங்கீகரித்த சோதனையில் அதன் எரிபொருள் செலவும் புகையும் அளக்கப்படுகின்றன. எடை ஆர்.சி.யிலேயே அச்சாகிறது. அளவு கையில் இருக்கும்போது டேப்பைத் தேட வேண்டிய அவசியம் என்ன? நீளத்தை அளந்ததால் என்ன நடந்தது என்பதற்கு, 2025-ல் விற்பனை நின்றுபோன மாருதி சியாஸ் போதுமான சாட்சி. நாலரை மீட்டர் செடான். எடை 1,050 கிலோவை ஒட்டி. அதிகாரபூர்வ மைலேஜ் லிட்டருக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். நான்கு மீட்டருக்குள் அடங்கும் டர்போ பெட்ரோல் எஸ்யுவிகள் பல 1,200 கிலோவைத் தாண்டுகின்றன. மைலேஜ் 17, 18 என்று நிற்கிறது. குறைவாக எரித்த இலகுவான கார் அதிக வரி கட்டியது. அதிகம் எரிக்கும் கனமான வண்டிக்குச் சலுகை. சாலையைத் தேய்ப்பதும், எண்ணெய் இறக்குமதியைக் கூட்டுவதும், மோதினால் நடந்துபோகிறவருக்கு ஆபத்தைக் கூட்டுவதும் எடைதான், நீளம் அல்ல.

கோடு கிழிப்பதே தவறு என்று சொல்லவில்லை. கோட்டின் இரு புறமும் பெரும் பள்ளம் வைப்பதே தவறு. தமிழ்நாட்டின் ஆயுள் வரியிலும் இதே சிக்கல் உண்டு. 2023 நவம்பர் முதல், 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9 லட்சத்து 99 ஆயிரம் ரூபாய்க் காருக்கும் 10 லட்சத்து ஓராயிரம் ரூபாய்க் காருக்கும் விலையில் வேறுபாடு இரண்டாயிரம்; வரியில் வேறுபாடு ஐம்பதாயிரத்துக்கும் மேல். வருமான வரியில் வரம்பைத் தாண்டிய தொகைக்கு மட்டும் கூடுதல் விகிதம் போடுகிறோம் அல்லவா, அந்த முறையைக் காருக்கும் கொண்டுவருவதில் எந்தத் தொழில்நுட்பச் சிக்கலும் இல்லை. படியாக இல்லாமல் சரிவாக வரி ஏறினால், ஐந்து மில்லிமீட்டருக்காகவும் சில சிசிக்காகவும் வண்டியை வெட்ட யாருக்கும் ஆசை வராது.

ஆனால் நாம் எதிர்த்திசையில் போயிருக்கிறோம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது சிறிய கார்களுக்கு 28 சதவீதத்தோடு 1 முதல் 3 சதவீதம் செஸ். பெரியவற்றுக்குச் சில மாதங்களிலேயே 17 முதல் 22 சதவீதம் வரை ஆனது. பெரிய கார்களுக்குள்ளாவது சில படிகள் இருந்தன. 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் போய், சிறிய கார்களுக்கு 18 சதவீதம், மற்றப் பெட்ரோல், டீசல் கார்கள் எல்லாவற்றுக்கும் 40 சதவீதம் என்று இரண்டே படிகள் ஆகிவிட்டன. விலை இறங்கியதில் வாங்குகிறவர்களுக்கு மகிழ்ச்சி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வரையறை மட்டும் 2006-ல் எழுதிய அதே 4,000 மி.மீ., அதே 1,200 சிசி, அதே 1,500 சிசி. பள்ளம் 22 சதவீதப் புள்ளி ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது. ஒரு புது மாடலை வரைந்து, அச்சு செய்து, சந்தைக்குக் கொண்டுவர நான்கைந்து ஆண்டுகள் பிடிக்கும். இப்போது வரையப்படும் கார்கள் 2040-களிலும் நம் சாலைகளில் ஓடும். ஜிஎஸ்டி கவுன்சில் அடுத்து கூடும்போது நீள வரையறையை நீக்கிவிட்டு, சோதனையில் பதிவாகும் எரிபொருள் செலவையும் எடையையும் வைத்துப் படிப்படியாக ஏறும் வரியை அறிவிக்க வேண்டும். நிறுவனங்கள் தயாராக நான்கு ஆண்டு அவகாசமும் தர வேண்டும்.